நீ அன்றைக்கு வீட்டில் இல்லை

பிரேமா,

உன் வயிற்றில் பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறு நடக்கிறது. இந்த நேரத்தில் இதை எழுதலாமா என்று மூன்று வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் தோன்றும். அதற்குள் நான் என்ன ஆவேனோ என்று மறுநாள் தோன்றும். கடைசியில், உனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்ன பிறகுதான் இந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்துகொண்டு படி. பாதியில் நிறுத்திவிடாதே. பாதியில் நிறுத்தினால் என்னைப் பற்றி நீ நினைப்பது சரியாகத்தான் இருக்கும். ஆனால் உன்னைப் பற்றி நீ நினைப்பது தப்பாகவே நின்றுவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அறிந்த அம்மா அப்படிப்பட்டவள் அல்ல. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, செம்பனை மரங்களுக்கு அடியில் வருடக்கணக்கில் புல்லுக்கு மருந்து அடித்தவள். காட்டுப்பன்றி எதிரே வந்தபோதுகூட ஓடாதவள் என்று உன் அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்கு இப்போது போன் அடித்தாலே நெஞ்சு அடைக்கிறது. திரையில் உன் படம் தெரிந்தால் இன்னும் மோசம். உன்னோடு பேசி முடித்து போனை வைத்ததும், இன்றைக்கும் சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். அதை வைத்துக்கொண்டுதான் ஏறக்குறைய முப்பது வருடம் உன்னோடு சாப்பிட்டேன், தூங்கினேன், உன் கல்யாணத்தில் எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றேன்.

போன மாதம் நீங்கள் இருவரும் சிரம்பானுக்கு வந்திருந்தபோது சமையலறையில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா, பேபி பொறந்ததும் நீங்க எங்ககூடவே வந்து இருந்துருங்க."

"வராம இருப்பேனா? மூனு மாசம் இருந்துட்டுத்தான் வருவேன்."

"மூனு மாசம் பத்தாது. என்னைய அதுகூடத் தனியா மட்டும் விட்ராதீங்க லா."

நான் சிரித்தேன். முதல் பிள்ளை என்றால் எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்கும், குளிப்பாட்டப் பயம், தூக்கப் பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். நீ கத்தியைக் கீழே வைக்கவில்லை. தலையும் நிமிரவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்வதுபோலச் சொன்னாய்: "நான் ஏற்கெனவே ஒரு பிள்ளைய கொன்னவம்மா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் கையில் புளி இருந்தது. கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்று குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை உள்ளே வந்துவிட்டார். நல்லவேளை என்று நினைத்தேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நீ இந்தப் படிப்பை எடுத்தபோது உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. டாக்டர் ஆகப்போகிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டோம். அப்புறம்தான், எலிகளை வைத்து ஞாபகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாய் என்று தெரிந்தது. ஒரு தீபாவளி விடுமுறையில் என் தையல் மிஷினிலிருந்து நூல் உருளையைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாய். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்த மாதிரி நீளமா நூல் இருக்கும்மா. அதுலதான் என்னென்ன செய்யணும்னு எழுதியிருக்கு. அந்த நூலு சும்மா கெடக்காது. குட்டிக் குட்டி உருண்டைங்கமேல சுத்தி இறுக்கமா இருக்கும். நூலும் உருண்டையும் சேர்ந்ததுதான் குரோமட்டின். இறுக்கமா சுத்தியிருக்கிற எடத்துல என்ன எழுதியிருந்தாலும் செல்லால படிக்க முடியாது" என்றாய். ஒன்று நம் மனதில் நிற்க வேண்டுமானால், மூளையில் சில செல்களுக்குள் அந்த உருண்டைகள் கொஞ்சம் நகர வேண்டுமாம். சுற்று தளர வேண்டுமாம். தளர்ந்த இடத்தைச் செல் படித்து, தேவையான புரதத்தைச் செய்து, ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் உள்ள தொடர்பைப் பலப்படுத்துமாம். எலியை ஒரு பெட்டிக்குள் விட்டுக் காலில் லேசாக மின்சாரம் கொடுத்தால், மறுநாள் அதே பெட்டியைப் பார்த்ததும் அது அசையாமல் உறைந்து நிற்குமாம். ஆனால் அந்தத் தளர்வை மருந்து கொடுத்துத் தடுத்துவிட்டால், மறுநாள் அதே பெட்டிக்குள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடித் திரியுமாம்.

நான் எலிக்குப் பாவம் பார்த்தேன். நீ சிரித்தாய். அப்புறம் சொன்னாய்: "இன்னொன்னு தெரியுமாம்மா? ஒரு விசயத்த மறுபடி நெனைக்கிறப்ப, அது மறுபடி எளகுது. கொஞ்ச நேரம் அப்புடியே எளகி இருக்கும். அப்ப புதுசா எது வந்தாலும் அதோட சேர்ந்து திரும்ப எழுதிக்கும். எப்புடின்னு இன்னும் முழுசாத் தெரியல."

நான் கேட்டேன்: "நடக்காத ஒன்னுகூட அப்புடி எழுதிக்குமா?"

"எழுதிக்கும். செல்லுக்கு உண்மை எது பொய் எதுன்னு தெரியாது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றேன். நீ நூலை உருளையில் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "எனக்கு அஞ்சு வயசுல நடந்தது வேற எதுவுமே ஞாபகம் இல்லம்மா. பாலர் பள்ளி டீச்சர் மொகம்கூட ஞாபகம் இல்ல. அந்த ஒரு காலை மட்டும் படம் மாதிரி அப்புடியே இருக்கு. அது ஏன்னு தெரிஞ்சிக்கத்தான் இதுக்குள்ள வந்தேன்." அதைக் கேட்டும் உண்மையைச் சொல்லாமல் தப்பித்தேன். எழுந்து போய் உனக்குப் பலகாரம் எடுத்து வந்தேன்.

பிரேமா, நீ உன் தம்பி தீபனுக்கு எதையும் கொடுக்கவில்லை. தீபன் அந்தப் புல் மருந்தைக் குடித்தபோது நீ வீட்டிலேயே இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்றைக்கு விடியற்காலையில் நல்ல மழை. மழை பெய்தால் மருந்து அடிக்க முடியாது. அடித்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் வேலை வாங்கும் மண்டோர் எங்கள் கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேலை இருந்தால் தீபனை ஆயாக்கொட்டகையில் விட்டிருப்பேன். வேலை இல்லாததால் அவன் வீட்டில் என்னோடு இருந்தான். வயது இரண்டரை. வீட்டுக்குப் பின்னால் புல் மண்டிப் பாம்பு வருகிறது என்று, இரண்டு நாளுக்கு முன்பு தோட்டத்து மருந்தில் கொஞ்சம் ஒரு காலி ஆரஞ்சுத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இத வீட்டுக்குள்ள கொண்டாராதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று சத்தம் போட்டார். குளியலறைக் கூரை இடுக்கில் செருகிவைத்திருந்தேன். மழை விட்டு வெயில் வந்ததும், இன்றைக்கே அடித்துவிடலாம் என்று எடுத்துப் பின்வாசல் படியில் வைத்தேன். தரையில், பிரேமா. கூரையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தது நான்.

அந்த நேரத்தில் முன்பக்கம் மீன்காரர் மோட்டாரில் வந்து ஹார்ன் அடித்தார். தீபன் உள்ளே தூங்குகிறான் என்று போனேன். கெம்போங் மீன் நன்றாக இருந்தது. தலையை வெட்டிக் குடலை எடுத்துத் தரச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தபோது அவன் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தான். பாட்டில் கையில் இருந்தது. வாயைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக ஒழுகியிருந்தது. "ம்மா, கசக்குது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அழவில்லை. நான் மீனைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கேயிருந்து தோட்டத்து வேனில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உன் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரியை மில்லிலேயே விட்டுவிட்டு, எண்ணெய்ச் சட்டையோடு வார்டுக்கு வந்தார். தீபன் அப்போது எழுந்து உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினான். பிழைத்துவிடுவான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த மருந்து அப்படித்தான், உடனே ஒன்றும் செய்யாது என்று எங்களுக்குத் தெரியாது. உன் அப்பா என்னை நேராகப் பார்த்து, "எப்புடி அவன் கைக்குப் போச்சி?" என்று கேட்டார். அவர் கை ஓங்கும் மனிதர் அல்ல. அடிப்பார் என்ற பயம் எனக்கு இல்லை. நான்தான் என்று தெரிந்தபின் அந்த முகத்தோடு எப்படிக் குடும்பம் நடத்துவேன் என்ற பயம்தான். மருந்தைத் திருடிக்கொண்டு வந்தது தோட்டத்துக்குத் தெரிந்தால் வேலை போகும், போலீஸ் வரும் என்ற பயமும் இருந்தது. என் வாயிலிருந்து தானாக வந்தது: "பாப்பாதான் காலைல எடுத்துக் குடுத்திருக்கா. வெளயாட்டுக்கு. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" சின்னப் பிள்ளையை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நீயும் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். தீபன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்துச் சொன்ன பொய் அது. அவன் வரவில்லை. ஆறாம் நாள் மூச்சு விட முடியாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இதுவரை சொன்னதை எந்தத் தாய்க்கும் நேரக்கூடிய கெட்ட நேரம் என்று நீ மன்னித்துவிடலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு அப்படி ஒரு பேர் கிடையாது. தீபனை வார்டில் சேர்த்த அன்று சாயந்தரம், மாற்றுத்துணி எடுக்க நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, உன் அப்பா உன்னை மடியில் உட்காரவைத்து, "நீயா பாப்பா தம்பிக்குக் குடுத்த?" என்று கேட்டார். நீ உடனே, "இல்லப்பா. நான் குடுக்கல. நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன்" என்றாய். தெளிவாகச் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். "பயத்துல மறைக்கிறா" என்றேன். நீ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாய். மூன்று நாள் வரை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். காரியம் முடிந்த பிறகு, உனக்குத் தலை வாரும்போதெல்லாம் நான் மெல்லக் கேட்பேன்: "மறந்துட்டியா தங்கம்? நீதானே குடுத்த? அம்மா உன்னைத் திட்ட மாட்டேன்." குரலை உயர்த்தவே இல்லை. முத்தம் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

ஒரு நாள் நீயாகக் கேட்டாய்: "ஆரஞ்சுத் தண்ணி பாட்டிலாம்மா?" ஆமாம் என்றேன். இன்னொரு நாள், "மேல இருந்துச்சா?" என்றாய். ஆமாம், உயரத்தில் இருந்தது, நீ ஏறி எடுத்தாய் என்றேன். நாற்பது நாள் ஆவதற்குள் பக்கத்து வீட்டில் நீயே சொல்லிக்கொண்டிருந்தாய்: "தம்பி தாகம்னு அழுதான். அதான் நான் எடுத்துக் குடுத்தேன்." தாகத்தை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. அதை நீயாகச் சேர்த்தாய். செய்யாத ஒன்றுக்கு, ஐந்து வயதில், இரக்கமான ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆனாலும் வெளியே வந்து, "வா சாப்பிடலாம்" என்றுதான் கூப்பிட்டேன்.

உன் அப்பா உன்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார். நீ கொண்டுவந்து நீட்டினால், "அங்க வையிம்மா" என்பார். பிறகு தானே எழுந்து போய் மொண்டு குடிப்பார். நீ அதைக் கவனிக்கவில்லை என்று நான் நம்ப விரும்பினேன். ஆனால் கொஞ்ச நாளில் நீ தண்ணீர் கொண்டுவருவதையே விட்டுவிட்டாய். அவர் படுத்த படுக்கையாக இருந்த கடைசி வாரத்தில்தான், நீ ஸ்பூனில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பழசெல்லாம் மனசுல வச்சிக்காதம்மா" என்றார். நீ கட்டிலில் தலையை வைத்து அழுதாய். நான் கட்டிலின் கால்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உன்னை மன்னித்துவிட்டோம் என்ற நிறைவோடு அவர் போனார். மன்னிக்க ஒன்றுமே இல்லாத பிள்ளையை.

சிரம்பானில் நீ இரண்டாம் படிவம் படிக்கும்போது, சோதனைக்கூடத்தில் ஏதோ கண்ணாடிச் சாமான் உடைந்துவிட்டது என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். "உடைச்சது வேற பொண்ணு. நானே பார்த்தேன். ஆனா கேட்டதும் உங்க மக எழுந்து நான்தான்னு சொல்றா. ஏம்மா அப்படின்னு கேட்டா, ஒருவேளை நான் செஞ்சிட்டு மறந்திருப்பேன் டீச்சர்ங்கிறா. வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிரேமா, நாளைக்கு உன் பிள்ளை, "நான் இல்லம்மா" என்று சொன்னால், முதலில் அதை நம்பு. அப்புறம் விசாரி. பிள்ளை பொய் சொல்லியிருந்தால் பிறகு தெரிந்துவிடும், அதைச் சரிசெய்துகொள்ளலாம். உண்மையைச் சொன்ன பிள்ளையை நம்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீயே சாட்சி.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ சமையலறையில் அப்படிச் சொன்ன அன்று சாயந்தரம், நீ குளிக்கப் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அத்தே, தீபன் விசயத்துல அன்னிக்கு என்னதான் நடந்துச்சி? அவ சரியா சொல்ல மாட்டேங்கிறா." நான் வழக்கமான கதையைச் சொன்னேன். நீ நீல முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கூரை இடுக்கிலிருந்து பாட்டிலை எடுத்தாய் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது தெரிந்தது, பிரேமா. கண்ணெதிரே தெரிந்தது. உன் சின்னக் கால், நீல முக்காலி, நீ எட்டிப் பிடிக்கும் கை, எல்லாம். ஆனால் தோட்டத்து வீட்டில் நமக்கு நீல முக்காலியே கிடையாது. அங்கே இருந்தது உட்காரும் பலகை ஒன்றுதான். நீல பிளாஸ்டிக் முக்காலி, நாம் சிரம்பானில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு, உனக்கு எட்டு வயதில், பசாரில் வாங்கியது. எட்டு வயதில் வாங்கிய சாமான் ஐந்து வயதில் நடந்ததற்குள் எப்படி வந்தது? நீ திரும்பத் திரும்ப நினைத்தபோது எப்போதோ சேர்த்துக்கொண்டாய். நீ சொல்லக் கேட்டுக் கேட்டு என் தலைக்குள்ளும் அது ஏறிவிட்டது. நான் உண்டாக்கிய பொய் சுற்றி வந்து எனக்கே உண்மையாகிக்கொண்டிருக்கிறது.

உனக்குச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. நாலு மாதத்துக்கு முன்பு கிளினிக்கில் டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். சாவி என்றேன், வாழைப்பழம் என்றேன். மூன்றாவது வரவே இல்லை. கடிகாரம் வரையச் சொன்னபோது முள்ளை எங்கே வைப்பது என்று குழம்பினேன். இது ஆரம்பமாக இருக்கலாம், இன்னும் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். போன வாரம் அரிசியைக் களைந்து பானையில் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாவதற்கு நான் பயப்படவில்லை. இந்த உலகத்தில் நீ குற்றம் செய்யாதவள் என்று தெரிந்த ஒரே தலை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அந்தத் தலைக்குள்ளேயே நீல முக்காலி வந்து உட்கார்ந்துவிட்டது. நாளைக்கு நீ வந்து, "ம்மா, நான்தானே குடுத்தேன்?" என்று கேட்டால், நான் மனதார ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ?

அதனால் நான் என்னையே நம்பாமல், மறுவாரம் பஸ் பிடித்து மந்தினுக்குப் போனேன். அங்கேதான் அஞ்சலை அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். உனக்கு முகம் நினைவிருக்காது. தோட்டத்தில் நமக்கு அடுத்த வீடு. என்னோடு மருந்து அடித்தவர். அவர் மகளும் நீயும் ஒன்றாகப் பாலர் பள்ளிக்குப் போவீர்கள். சர்க்கரை வியாதியில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, டிவி பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்து முடித்ததும் நேராகக் கேட்டேன்.

"அக்கா, தீபன் மருந்தக் குடிச்ச அன்னிக்குப் பிரேமா எங்க இருந்தா?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "இத்தன வருசம் கழிச்சி இப்பதான் கேக்க வந்தியா?"

"எனக்கு ஞாபகம் தப்புது அக்கா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"ஸ்கூல்லதான் இருந்தா. காலைல மழன்னு நான்தானே ரெண்டு பேரையும் ஒரே கொடையில கூட்டிட்டுப் போயி உட்டேன். நான் வந்தப்ப நீ அவளுக்கு ரிப்பன் கட்டிக்கிட்டு இருந்த. சின்னவன் உள்ள தூங்கிக்கிட்டு இருந்தான். சத்தம் போடாதீங்க, எந்திரிச்சிருவான்னு நீதான் என்கிட்ட சொன்ன. மத்தியானம் நான் திரும்பக் கூட்டிட்டு வந்தப்ப உன் வீடு தொறந்து கெடந்துச்சி, மீனு வாசல்ல கெடந்துச்சி. உன் மவ என் கையப் புடிச்சிக்கிட்டு, அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டா."

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, வேறு எதில் என்று எனக்கே தெரியவில்லை. "அப்ப நான் சொன்னது பொய்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் அக்கா ஒரு வார்த்த சொல்லல?"

அவர் குனிந்து காலில் இருந்த கட்டைத் தடவினார். "அந்தப் பாட்டில்ல ட்ரம்முலேர்ந்து ஊத்திக் குடுத்தது யாரு? நான்தானே? நீ வாயத் தொறந்தா என் பேரும் வரும்னு இருந்துச்சி. நானும் பயந்துட்டேன் புள்ள."

இரண்டு பெரிய பொம்பளைகள் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம், பிரேமா. கிளம்பும்போது அஞ்சலை அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அவ நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போ. இல்லன்னா என்னுதக் குடு. நான் கண்ண மூடுறதுக்குள்ள அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிடணும் லா" என்றார். அவருடைய எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என்னிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேசு. எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரிந்தது சுத்தமாக இருக்கிறது. நான் சொன்னது இது என்று அவரிடம் முதலில் சொல்லிவிடாதே. சும்மா கேள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் படித்தபின் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலை உன் மனதில் வரும்போது முக்காலியும் பாட்டிலும் சேர்ந்துதான் வரும். அது அவ்வளவு சுலபத்தில் போகாது, நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் அது வரும் ஒவ்வொரு தடவையும் அஞ்சலை அக்கா சொன்னதையும் கூட நினைத்துக்கொள். குடையையும், நான் கட்டிய ரிப்பனையும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த உன் தம்பியையும். எத்தனை தடவை நினைத்தால் அது பதியும் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. நான் உனக்குத் தலை வாரிக்கொண்டே எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கு வைக்கவில்லை.

நாளைக் காலை ரயிலில் காஜாங் வருகிறேன். நோட்டை உன் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டால் மேலே வருவேன். கூப்பிடாவிட்டால் மத்தியானம் ரயில் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நீயே சொல்லு, அல்லது என்னைச் சொல்லச் சொல்லு. அவரிடமும் நான் பொய் சொல்லியிருக்கிறேன். மன்னிப்பு கேட்டு உனக்கு இன்னொரு பாரத்தைக் கொடுக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்ததும் வந்து கூடவே இருக்கச் சொன்னாய். இதற்குப் பிறகும் கூப்பிட்டால் வருவேன், துணி துவைப்பேன், பத்தியம் சமைப்பேன். அடுப்புப் பக்கம் யாராவது என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீ பிள்ளையோடு தனியாக இரு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. உன்னால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதை என்னோடு மட்டும் தனியாக விட்டுவிடாதே.

அம்மா